ஏரி காத்த துரைக்கு ஒரு கணக்குத் தணிக்கை

ஐப்பசி பொறந்து ரெண்டு மழை பெய்ஞ்சா போதும், ஒரு கதை தவறாம சுத்த ஆரம்பிச்சுடும். மதுராந்தகம் ஏரி நிரம்பி வழியுது. கரை எப்ப உடையுமோன்னு வெள்ளைக்கார கலெக்டர் ராத்திரியில போய்ப் பாக்கறார். கரை மேல வில்லும் அம்புமா ரெண்டு வாலிபர்கள் காவல் நிக்கிறாங்க. காலையில கரை அப்படியே இருக்கு. சிலிர்த்துப் போன துரை, சொன்ன வாக்குப்படி தாயார் சன்னதியைக் கட்டித் தர்றார். கடைசி வரி: "வெள்ளைக்காரனுக்கே காட்சி கொடுத்த ராமர்". கீழே வரிசையா "மெய் சிலிர்த்தது", "பகிர்வுக்கு நன்றி", "படம் அருமை".

முதல்லயே தெளிவா சொல்லிடறேன். கோயிலோடயோ கும்பிடறவங்களோடயோ எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. 'ஏரி காத்த ராமர்'னு ஒரு சாமிக்குப் பேர் வெச்ச ஊரு, தண்ணியோட அருமை தெரிஞ்ச ஊரு. நான் சண்டைக்குப் போறது கதையில வர்ற ரெண்டாவது நாயகனோட. அவர் பேரு லியோனல் பிளேஸ். 1794-லிருந்து 1798 வரைக்கும் ஜாகீர் கலெக்டர். ராமரைப் பத்தி எழுதறவங்க அவரை பக்தராக்கிட்டாங்க. "அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விடறவங்க அவரை நிர்வாகச் சிங்கமாக்கிட்டாங்க. அந்த ஆளு சம்பளம் வாங்கினது எதுக்குன்னு மட்டும் ரெண்டு கோஷ்டியும் கேக்கறதில்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். இன்னைக்கு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிஞ்சு கிடக்கற பூமியில பெரும்பகுதி, திருப்போரூர் மாமல்லபுரம் கடலோரமும் சேர்த்து, அன்னைக்கு 'ஜாகீர்'. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இதைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். கும்பினி என்ன பண்ணுச்சு? அதே நவாப்புக்கே குத்தகைக்கு விட்டு உக்காந்த இடத்துல காசு வாங்குச்சு. 1780-ல் ஹைதர் அலி படை வந்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கும்பினிப் படை மண்ணைக் கவ்வுச்சு. போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் சேர்ந்து ஊர் ஊரா காலியாச்சு. ஏரிகள் உடைஞ்சு தூர்ந்து கிடந்தது.

பிளேஸ் வந்து உக்காரும்போது ஜாகீர் இருந்த நிலை இதுதான். அவர் ஏரி, கால்வாய்களைப் பழுது பாத்தார். உண்மை. சோம்பேறி அதிகாரி இல்லை, ஊர் ஊரா சுத்தினவர், நிறைய எழுதினவர். அதுவும் உண்மை. தாயார் சன்னதியில, இது கும்பினி ஜாகீர் கலெக்டர் துரையோட தர்மம்னு தமிழ்லயே கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க.

என் கேள்வியே அந்த 'தர்மம்'ங்கிற வார்த்தை மேலதான்.

ஏரி நிரம்பினா நஞ்சை விளையும். நஞ்சை விளைஞ்சா களத்துமேட்டுல சர்க்கார் வாரம் அளப்பாங்க. வாரம் அளந்தா கும்பினி கஜானா நிறையும். மைசூரோட ஒரு பெரிய சண்டை 1792-ல் தான் முடிஞ்சிருந்தது, அடுத்தது 1799-ல் வரக் காத்திருந்தது. கும்பினிக்குத் தேவை காசு. ஒரு ஏரிக் கரையை உயர்த்தறதுங்கிறது அன்னைய கலெக்டருக்கு முதலீடு. பால் கறக்கறவன் மாட்டுக்குப் புண்ணாக்கு வெக்கிறான். அதுக்காக அவனை ஜீவகாருண்ய சீலர்னு யாராவது கல்வெட்டு வெப்பாங்களா?

இங்க ஒரு சின்ன திசைமாற்றம். எங்கேயோ இருக்கற பெரு நாட்டுக்குப் போயிட்டு வந்துடலாம், காரணம் இருக்கு.

1569-ல் ஸ்பெயின் ராஜாவோட பிரதிநிதியா லிமா நகரத்துல வந்து இறங்கினவர் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. நம்ம பிளேஸ் மாதிரியே ஊர் சுத்தற ஆளு. 1570-லிருந்து அஞ்சு வருஷம் மலையும் பள்ளத்தாக்குமா அலைஞ்சு தலைக்கணக்கு எடுத்தார். பழைய இன்கா வழக்கம் என்ன, யார் யாருக்கு என்ன கொடுத்தாங்கன்னு பெரியவங்களைக் கூப்பிட்டு விசாரிச்சு எழுதினார். கேக்க நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன செஞ்சார்? சிதறிக் கிடந்த மக்களைப் பிடிச்சு புது ஊர்கள்ல அடைச்சார். இன்காக்கள் காலத்துல ரோடு போடவும் வயலுக்கும் முறை வெச்சு வேலைக்கு வர்ற 'மீதா'ன்னு ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கிற சட்டமாக்கினார். பல மாகாணங்கள்லயிருந்து ஏழு ஆம்பளைக்கு ஒருத்தர் வீதம் வருஷா வருஷம் போகணும். 1572-ல் கடைசி இன்கா துபாக் அமாருவை குஸ்கோ நகரத்துல தலை வெட்டினதும் இவர் உத்தரவுதான். பழைய வழக்கத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டே அதோட உயிரை உருவி எடுத்து, கூட்டை மட்டும் வசூலுக்கு வெச்சுக்கற வித்தை இருக்கே, அதுல தொலேதோ கைதேர்ந்தவர்.

ஆனா அந்த ஸ்பெயின்காரன் கிட்டயே ஒரு விஷயம் இருந்தது. 'ரெசிடென்சியா'ன்னு பேரு. அதிகாரி பதவிக்காலம் முடிஞ்சா மூட்டை கட்டிக்கிட்டு அப்படியே கப்பல் ஏற முடியாது. ஒரு நீதிபதி வந்து உக்காருவார். இந்த ஆளு மேல யாருக்காவது புகார் இருந்தா வந்து சொல்லலாம்னு தண்டோரா போடுவாங்க. அந்த ஊர் பழங்குடி மக்களும் வந்து சொல்லலாம். நடைமுறையில லஞ்சம் விளையாடுச்சு, பெரிய தலைகள் தப்பிச்சாங்க, எல்லாம் சரி. இருந்தாலும் 'போறதுக்கு முன்னாடி கணக்கு சொல்லிட்டுப் போ'ங்கிற கொள்கையாவது ஏட்டுல இருந்தது.

இங்கிலீஷ்காரன் ஊர்ல? வாரன் ஹேஸ்டிங்ஸை 1788-லிருந்து பார்லிமெண்டுல விசாரிச்சாங்க. 1795-ல் குற்றமில்லைன்னு விட்டுட்டாங்க. நம்ம பிளேஸ் அப்ப ஜாகீர்ல வேலைல இருந்தார். கவர்னர் ஜெனரலுக்கே அந்த கதின்னா ஒரு ஜில்லா கலெக்டரை யார் கேக்கறது? பூவிருந்தவல்லி குடியானவன் லண்டனுக்கா போவான்?

இவ்வளவு ஏன், நம்ம ஊர்லயே ஸ்பெயினுக்கு அறுநூறு வருஷம் முன்னாடி இது இருந்தது. மதுராந்தகத்துக்குப் பக்கத்துலயே உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. 'ஏரி வாரியம்'னு ஏரிக்குன்னே தனிக் குழு. அந்தக் கல்வெட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி: வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் மறுபடி குடவோலைக்கு வரக் கூடாது, அவனோட நெருங்கின சொந்தக்காரனும் வரக் கூடாது. இன்னைக்கு நினைச்சாலே எவ்வளவு பேருக்கு வேர்க்கும் :-)

ஆகவே, இருநூறு வருஷம் லேட்டானாலும் பரவாயில்லை, பிளேஸ் துரைக்கு ஒரு ரெசிடென்சியா நடத்திடுவோம். தண்டோரா போட்டாச்சு. என் புகார்கள் மூணு.

ஒண்ணு. வசூல். கும்பினி கணக்குல வருமானத்தை ஏத்தணும்னு அவர் நெருக்கினப்ப பூவிருந்தவல்லி பக்கத்து மிராசுதார்கள் முரண்டு பிடிச்சாங்க. 1795, 96 சமயம். பயிர் செய்ய மாட்டோம், சொன்ன தொகைக்கு ஒத்துக்க மாட்டோம்னு நின்னாங்க. பட்டணத்து துபாஷிகள் தூண்டி விடறாங்கங்கிறது துரையோட கட்சி. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். அவர் செஞ்ச வைத்தியம் என்ன? எதிர்த்தவங்களோட மிராசைப் பிடுங்கி வேற ஆளுங்களுக்குக் கொடுத்தார். கதையில வர்ற துரை, ஏரி உடைஞ்சா ஜனங்க என்ன ஆவாங்கன்னு தூங்காம தவிக்கிறவர். காகிதத்துல இருக்கற துரை, சொன்ன தொகைக்குத் தலையாட்டாத குடியை நிலத்தை விட்டு இறக்கினவர்.

ரெண்டு. கோயில். காஞ்சிபுரம் வரதராஜருக்கு அவர் நகை கொடுத்ததைப் பேசற நம்மாளுங்க, அதே காஞ்சியில கோயில் வரவு செலவையும் அவர் தன் ஆபீஸ் கைக்குக் கொண்டு வந்ததைப் பேசறதில்லை. தென்னாட்டுக் கோயில்களை நேரடியா நிர்வாகம் பண்ண இறங்கின முதல் கும்பினி அதிகாரிகள்ல அவர் ஒருத்தர். 1817-ல் சென்னை சர்க்கார் ஏழாம் ரெகுலேஷன் போட்டு எல்லாக் கோயில் சொத்தையும் மேற்பார்வைக்குள்ள இழுத்துக்கிச்சே, அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே இவர் ஒத்திகை பாத்துட்டார். திருவிழா நடந்தா ஓடிப் போன ஜனம் திரும்பி வரும். ஜனம் வந்தா ஏர் ஓடும். ஏர் ஓடினா என்ன வரும்னு மேலேயே சொல்லிட்டேன். கோயில் மேல கலெக்டர் கை இருக்கக் கூடாதுன்னு தொண்டை கிழிய எழுதற நண்பர்கள் சிலரே பிளேஸ் துரைக்கு மாலை போடறதைப் பாத்தா எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

மூணு. இதுதான் பெரிய புகார். மிராசு. எதிர்த்த மிராசுதார்களை விரட்டின அதே பிளேஸ், மிராசுங்கிற உரிமையைக் கும்பினிக் காகிதத்துல விரிவா எழுதி வெச்சவரும்கூட. 1799-ல் அவர் கொடுத்த நீண்ட அறிக்கை, தொண்டை மண்டலத்து நிலம் யாருதுங்கிற வாதத்துக்கு அடித்தளம். 1810-கள்ல எல்லிஸ் துரை (ஆமா, திருக்குறள் எல்லிஸேதான்) அதே மிராசைப் பத்தி இன்னும் ஆழமா எழுதினார். ஊர்ல யாருக்கு எவ்வளவு பங்கு, எத்தனை சுதந்திரம், எத்தனை மானியம்னு எல்லாம் ஏறிச்சு. அந்த நிலத்துல சேத்துல எறங்கி நாத்து நட்ட பண்ணையாளுக்கு என்ன உரிமை? மிராசோட சேர்த்து கைமாறுற உரிமை! நிலத்தை வித்தா ஆளும் சேர்ந்து போவான். இந்தியாவுல அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது 1843-ல் தான்.

இந்தக் காகிதத்தோட விளைவு என்னன்னு தெரியணும்னா நூறு வருஷம் தாண்டி, அதே ஜில்லாவோட இன்னொரு கலெக்டரைப் பாக்கணும். பேரு டிரெமென்ஹீர். 1891-ல் செங்கல்பட்டு ஜில்லாவுல பறையர் மக்களோட நிலைமை பத்தி ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். குடியிருக்கற குடிசை மனைகூட சொந்தமில்லை. மிராசுதார் நினைச்சா கிளப்பி விடலாம். சரி, தரிசு நிலத்துக்கு தர்காஸ்து போட்டு வாங்கிக்கலாமேன்னா, மிராசுதாருக்குத்தான் முதல் பாத்தியதை. அவர் எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏழையோட மனு குப்பைக்கு. பிளேஸ் காலத்துல மையில ஏறின மிராசுதான் நூறு வருஷம் கழிச்சு வேலியா நின்னுது. ஏரியைப் பழுது பாத்து நீர் பாய வெச்ச நிலத்துக்குள்ள, அந்த ஏரிக்கு மண் சுமந்தவன் காலடி பதிக்க முடியலை.

மேலிடம் டிரெமென்ஹீர் சொன்னதை முழுசா ஏத்துக்கலை. ஆனாலும் 1892-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தரிசு நிலம் கொடுக்கணும், பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அப்புறம் வித்தாலும் அதே மக்களுக்குள்ளதான் விக்கலாம். அதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்துல மொத்தம் 12 லட்சம் ஏக்கர்னு பொதுவா சொல்லுவாங்க.

அதுல எவ்வளவு இன்னைக்கு உரியவங்க கையில இருக்கு? மாமல்லபுரம் பக்கம் காரணைன்னு ஒரு கிராமம். கைமாறிப் போன பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு, அதுல அம்பேத்கர் சிலையை வெச்சாங்க மக்கள். சிலையை எடுத்துட்டாங்க. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டுல நடந்த போராட்டத்துல போலீஸ் சுட்டதுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்தாங்க.

ரெண்டு வாலிபர்கள், ஒரு கலெக்டர்னு கதை சொல்றோமே, இந்த ரெண்டு பேரோட கதையை எத்தனை பேர் எழுதியிருக்கோம்? அந்தக் கடலோரத்துல இன்னைக்கு மனை விலை என்னன்னு விசாரிச்சுப் பாருங்க. அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் போட்டோ எடுத்துட்டு இறால் வறுவல் நல்லாருந்துச்சுன்னு எழுதறோம். மேற்கால திரும்பினா காரணை. வண்டி அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது.

இப்ப வர்ற பின்னூட்டங்களை நானே போட்டுடறேன்.

"வெள்ளைக்காரன் மோசம்னு சொல்லிட்டு இன்னொரு வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கறீரே?" - தூக்கிப் பிடிக்கலை அனானி. டிரெமென்ஹீரும் அதே சர்க்கார்ல சம்பளம் வாங்கினவர்தான். ஜில்லாவுல வேலை பாத்த பாதிரிமார்கள் அதுக்கு முன்னாடியே குரல் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க, பாதிக்கப்பட்டவங்க மனு மேல மனு போட்டாங்க. அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். பிளேஸ் நிலத்துலயிருந்து என்ன எடுக்கலாம்னு எழுதினார், இவர் யாருக்குக் கொடுக்கலாம்னு எழுதினார். கல்வெட்டு முதலாமவருக்கு.

"கும்பினி வர்றதுக்கு முன்னாடி நம்ம குடிமராமத்து எவ்வளவு அருமையா நடந்துச்சு தெரியுமா?" - தெரியும். 1767-லிருந்து பார்னார்டு எடுத்த சர்வேயில ஜாகீரோட ஏறக்குறைய ரெண்டாயிரம் ஊர் விவரம் இருக்கு. திருப்போரூர், வடக்குப்பட்டு கணக்கெல்லாம் தமிழ்ல புத்தகமாவே வந்திருக்கு. விளைச்சல்ல ஏரிக்குன்னு, கோயிலுக்குன்னு, தச்சருக்கு, கொல்லருக்குன்னு பங்கு எடுத்து வெச்சதைப் படிக்க ஆச்சரியமாத்தான் இருக்கு. ஆனா அதே களத்துமேட்டுல யார் கடைசியா நின்னு சிந்தின நெல்லை வாங்கினாங்கன்னும் சேர்த்துப் படிங்க. மேல நான் கொண்டாடின உத்திரமேரூர்லகூட குடவோலைக்குப் பேர் எழுதணும்னா சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். கூடை தூக்கினவன் பேர் அந்த ஓலையில வந்திருக்கவே முடியாது. சர்க்காரும் சளைக்கலை. கரை உடையற சமயத்துல வேலைக்கு வரலைன்னா தண்டனைன்னு 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டுச்சு. கரையைக் காப்பாத்தறது தர்மம்னா, துரைக்கு மட்டும் கல்வெட்டு, கூலிக்காரனுக்கு மட்டும் தண்டனையா?

"சரி, ஏரியாவது நல்லாருக்கே, அதுக்கு நன்றி சொல்லலாமில்ல?" - இதுக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. ஏரிங்கிறது ஒரு தடவை ஒரு துரை வந்து காப்பாத்திட்டுப் போற பொருள் இல்லை. வருஷா வருஷம் மதகு பாக்கணும், கரை பாக்கணும், வரத்துக் கால் பாக்கணும். பிளேஸ் போனதும் என்ன ஆச்சு? 1802-ல் ஜாகீரைத் துண்டு போட்டு ஜமீன்களா ஏலம் விட்டாங்க. கொஞ்ச வருஷத்துலயே நிறைய ஏலதாரர்கள் நொடிச்சுப் போய் நிலம் சர்க்காருக்கே திரும்பிச்சு. ஏரியை யார் பாக்கறதுன்னு சர்க்காரும் மிராசுதாரும் மாத்தி மாத்திக் கை காட்டினாங்க. நம்ம காலத்துலயும் மதுராந்தகம் ஏரியைத் தூர் வாரி ஆழப்படுத்த நூறு கோடிக்கு மேல ஒதுக்கற நிலைமை வந்தது. ஏரி காக்க ஒருத்தர் வருவார்ங்கிற கதையை நம்பி நாம கரையில உக்காந்தா, கடைசியில தூர்வாரற டெண்டர்தான் வரும்.

கரை நிஜமாவே எப்படி நிக்குது? ராத்திரி அரிக்கேன் விளக்கோட கரையை நடந்து பாக்கறவன், சின்னதா ஒரு ஊத்து கண்டா அங்கேயே வைக்கோலும் களிமண்ணும் வெச்சு மிதிக்கிறவன், கழுத்தளவு தண்ணியில முங்கி மதகு அடைக்கிற கம்புகட்டி, கூடை கூடையா மண் சுமந்த பொம்பளைங்க, கரை கட்டறதையே குலத்தொழிலா வெச்சிருந்த ஒட்டர்கள். இவங்கள்ல ஒருத்தர் பேர்கூட எந்தக் கல்லுலயும் இல்லை. கதையில துரை பாத்த ரெண்டு பேர் ராமலட்சுமணர்னே இருக்கட்டும். மத்த எல்லா ராத்திரியும் கரையில நின்னது யாருன்னு நமக்குத் தெரியும்.

அதனால நண்பர்களே, அடுத்த ஐப்பசியில மதுராந்தகம் கதையை யாராவது எழுதினா நான் தடுக்கப் போறதில்லை. தாராளமா எழுதுங்க, படம் போடுங்க. கூடவே மூணு வரி சேர்த்துடுங்க. பிளேஸ் வசூலுக்கு வந்தவர்னு ஒரு வரி. மண் சுமந்தவங்களைப் பத்தி ஒரு வரி. காரணை பத்தி ஒரு வரி. இடம் பத்தலைன்னா "மெய் சிலிர்த்தது"வை வெட்டிக்கலாம்.

டிஸ்கி: பிளேஸ் துரைக்கு ஆதரவா சாட்சி சொல்ல விரும்பறவங்க தாராளமா வரலாம். ரெசிடென்சியான்னா ரெண்டு பக்கமும் கேக்கணும். ஆனா கணக்கோட வாங்க. கணக்கு காட்டாதவங்களுக்கு என்ன கதின்னு உத்திரமேரூர் பெரியவங்க ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சுட்டாங்க.